தலைக்கு மேலே

சென்ற மாசி மாதத்தில் ஓசூருக்கு ஒரு கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். ஒரு தொழிற்சாலையின் ஊழியர்கள் சேர்ந்து நடத்துகிற வாசகர் மன்றத்தின் ஆண்டு விழா. அந்தத் தொழிற்சாலையின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் வாசகர்கள் உடனே அவர்கள் தலையில் குற்றத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அந்த நிம்மதி எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கு மட்டும் அதை ஏன் கொடுக்க வேண்டும்?

ஓசூர் எனக்குப் பிடித்த ஊர். மலைப்பிரதேசம் இல்லை, ஆனாலும் மாலையில் ஒரு குளிர்ந்த காற்று வரும். சுற்று வட்டாரத்தில் ரோஜாத் தோட்டங்கள். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். ஒரே டீக்கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே கொதியில் கொதிக்கும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதற்குப் பின்னால் லாரிகள், கடிகாரங்கள், மோட்டார் சைக்கிள்கள் என்று என்னென்னவோ அங்கே உருவாகத் தொடங்கின. இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிள்ளைகள் வந்து குவிந்திருக்கிறார்கள். டீக்கடையின் கொதியில் நாலாவது, ஐந்தாவது பாஷைகளும் சேர்ந்துவிட்டன.

விழா மாலை 6 மணிக்கு. மன்றத்தின் காரியதரிசி டெலிபோனில் கூப்பிட்டபோது நான் ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். "சரியாக ஆறு மணிக்கு ஆரம்பித்துவிட வேண்டும். எட்டு மணிக்கு நான் கிளம்பினால்தான் பெங்களூரில் இரவு ரயிலைப் பிடிக்க முடியும்." பிரசங்கிகள் எல்லாரும் போடுகிற நிபந்தனைதான். இதில் என்ன பாவம் இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பாகலூர் சாலையில் ஒரு மைதானத்தில் மேடை. நான் 4 மணிக்கே போய்விட்டேன். பழைய காலத்து மேடை என்றால் நாலு கால், மேலே சாமியானா, பின்னால் ஒரு படுதா, முடிந்தது. இப்போது அப்படி இல்லை. அலுமினியக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஏணி போலப் பிணைத்து ஒரு பெரிய சட்டம் செய்கிறார்கள். அதை 'ட்ரஸ்' என்கிறார்கள். தரையிலே வைத்து அதில் விளக்குகளைக் கட்டி, பிறகு நாலு மூலையிலும் செயின் பிளாக் மாட்டி, கரகரவென்று 20 அடிக்கு மேலே இழுத்துத் தொங்கவிடுகிறார்கள். விளக்குகள், ஒலிபெருக்கிகள், பின்னால் ஒரு வெளிச்சச் சுவர். எல்லாம் சேர்ந்து எவ்வளவு கனம் என்று கேட்டேன். "ஒரு காரைத் தூக்கித் தலைக்கு மேலே வெச்ச மாதிரி சார்" என்றார் மேஸ்திரி. அந்தக் காருக்குக் கீழே உட்கார்ந்துதான் அன்று நான் மனித நேயத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

சாமான் ஏற்றி வந்த லாரி அத்திப்பள்ளியில் நெரிசலில் மாட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் தாமதமாகி விட்டது. வேலைக்கு ஒரு கிரமம் உண்டு. முதலில் ட்ரஸை மேலே ஏற்ற வேண்டும். ஏற்றிக் கட்டி, ஒவ்வொரு மூலையிலும் காவலுக்கு இன்னொரு இரும்புக் கயிறும் போட்டு, மேலே ஏறினவர்கள் இறங்கிய பிறகுதான் கீழே மேடையில் கம்பளம் விரிக்கிறவர்கள் வரலாம். அன்றைக்கு நேரம் இல்லை. மேலே இரண்டு பேர் ஸ்பானரை வைத்துக்கொண்டு போல்ட்டுகளை முறுக்கிக் கொண்டிருந்தபோதே, கீழே நாலு பையன்கள் குனிந்து கம்பளத்தை விரித்துக் கொண்டிருந்தார்கள். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டு இதையெல்லாம் ரஸித்துக் கொண்டிருந்தேன். ரஸித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிறர் உழைப்பதைப் பார்ப்பதில் எழுத்தாளனுக்கு ஒரு ருசி உண்டு.

திடீரென்று மேலேயிருந்து ஒரு கூச்சல்: "தல!"

தமிழில் தலை, தெலுங்கில் தல, கன்னடத்தில் தலெ. இந்த வட்டாரத்து மேடைக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. மூன்று பாஷைக்காரனுக்கும் ஒரே சத்தத்தில் புரிந்துவிடும். மூன்று பையன்கள் தலையை முழங்கையால் மறைத்துக்கொண்டு பக்கவாட்டில் தாவினார்கள். நாலாவது பையன் ஒடிசாக்காரன். வந்து பத்து நாள்தான் ஆகிறதாம். அவனுக்கு அந்தச் சொல் சொல்லாகவே இல்லை; யாரோ எதற்கோ கத்துகிறார்கள் என்று நிமிர்ந்து மேலே பார்த்தான். ஸ்பானர் அவனுடைய தோளில் விழுந்தது. நாலு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் முகத்தில் விழுந்திருக்கும்.

20 அடி உயரத்திலிருந்து நழுவுகிற பொருள் தரைக்கு வர ஒரு விநாடிக்குச் சற்று மேல்தான் ஆகும். வந்து சேரும்போது அதன் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தான். ஊருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு விநாடியில் கூச்சலைக் கேட்டு, அர்த்தம் செய்துகொண்டு, உடம்பை நகர்த்த வேண்டும். அர்த்தம் செய்துகொள்வதில்தான் அவன் தோற்றான்.

காறை எலும்பு முறிந்திருந்தது. ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் எழுந்து போய் மேஸ்திரியிடம், "ஏன் ஐயா, மேலே ஆள் வேலை செய்கிறபோது கீழே ஆளை விடலாமா?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். அவர் ஐம்பது வயசு மனுஷர். மரியாதையாக, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "விடக்கூடாதுதான் சார். ஆறு மணிக்கு ஆரம்பிச்சே ஆகணும்னு நீங்க கண்டிஷனா சொல்லிட்டதாச் சொன்னாங்க."

அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. விழா 6.20-க்கு ஆரம்பமாயிற்று. நான் நாற்பது நிமிஷம் பேசினேன். நல்ல கைதட்டல். அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடம் பொருத்தமில்லை என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். ரயிலையும் பிடித்துவிட்டேன்.

ரயிலில் தூக்கம் வரவில்லை. மேலே படுக்கையில் ஒருவர் குறட்டை விட்டுக் கொண்டிருந்தார். அவருடைய படுக்கையையும் இரண்டு சங்கிலிகள்தான் தாங்கிக் கொண்டிருந்தன.

ஸைரக்யூஸ் நகரத்து ராஜா டயோனீஷியஸின் கதை எல்லாருக்கும் தெரியும். ராஜ வாழ்வு எவ்வளவு சுகம் என்று முகஸ்துதி செய்த டாமக்ளீஸைத் தன் இருக்கையில் உட்கார வைத்து, விருந்து படைத்து, அவன் தலைக்கு நேரே ஒரு குதிரை மயிரில் வாளைத் தொங்கவிட்டான். அதிகாரத்தின் அச்சத்தை விளக்க ரோமாபுரி ஸிஸெரோ சொன்ன கதை. இரண்டாயிரம் வருஷமாக மேடைப் பிரசங்கிகள் அதைச் சொல்லி வருகிறோம். ஆனால் ஸிஸெரோவின் கதையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அழகழகான பையன்களைப் பொறுக்கி எடுத்து, அந்த மேஜைக்குப் பரிமாற நிறுத்தியிருந்தானாம் ராஜா. டாமக்ளீஸாவது தானே ஆசைப்பட்டு உட்கார்ந்தான். பயந்ததும் எழுந்து போக உத்தரவு கேட்டான், கிடைத்தது. பரிமாறுகிறவன் ஒவ்வொரு முறையும் அந்த வாளுக்குக் கீழே கையை நீட்டித்தானே தட்டை வைக்க வேண்டும்? அவனிடம் யார் கேட்டார்கள்? அவனைப் பற்றி ஒரு நீதியும் இல்லை.

"கூலி வாங்கிக்கொண்டுதானே வேலைக்கு வருகிறான்? அபாயமும் கூலிக்குள் அடக்கம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. என் சிநேகிதர் ஒரு வக்கீல், இந்தக் கட்சியைச் சேர்ந்தவர். நான் இதை அப்படியே தள்ளிவிட மாட்டேன். அபாயத்தைத் தெரிந்தே ஏற்பதில் ஒரு கம்பீரம் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் பாரதக் கூத்து நடக்கிறபோது அர்ச்சுனன் தபசு என்று ஒரு நாள் வரும். அர்ச்சுனன் வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். விழுந்தால் பிழைப்பது கஷ்டம். ஆனால் அவர் விரதம் இருந்து, பழகி, தன் கையையும் காலையும் நம்பி ஏறுகிறார். ஊரே அண்ணாந்து அவரையே பார்த்துக் கொண்டிருக்கிறது. மேடைக்குக் கீழே குனிந்து கம்பளம் விரிக்கிறவன் விஷயம் வேறு. அவன் பார்வை தரையில் இருக்கிறது. தன் உயிரை இன்னொருவன் கைப்பிடியிடம் ஒப்படைத்திருக்கிறான்; ஒப்படைத்திருப்பதே அவனுக்குத் தெரியாது. தெரியாத அபாயத்துக்குச் சம்மதம் என்று ஒன்று இருக்க முடியுமா?

பஸ் டிரைவரிடம் நாமும்தான் உயிரை ஒப்படைக்கிறோம் என்பார் வக்கீல். வாஸ்தவம். ஆனால் பஸ் பள்ளத்தில் விழுந்தால் டிரைவரும் கூட விழுகிறார். செயின் பிளாக்கை இழுக்கிறவனோ, நேரம் ஆகிறது என்று தூரத்திலிருந்து அவனை விரட்டுகிறவனோ கூட விழுவதில்லை. அபாயம் ஒருவனுடையதும் அவசரம் இன்னொருவனுடையதுமாக இருக்கிற இடத்தில்தான் தர்மத்தின் கேள்வியே பிறக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலே ஏறியிருந்த இருவரில் ஒருவன் ராயக்கோட்டைப் பையன். விழா ஆரம்பிப்பதற்கு முன் அவன் என்னிடம் வந்து அழாத குறையாகப் பேசினான். ஸ்பானர் அவன் கையிலிருந்துதான் நழுவியது. பகலில் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை. மேலே கிரேன் ஓடுகிற கூடத்தில். "அங்கே தரையிலே மஞ்சக் கோடு போட்டிருக்கும் சார். கிரேன் வந்தா மணி அடிக்கும். சுமை தொங்கறப்போ கோட்டுக்குள்ளே கால் வெச்சா சூப்பர்வைசர் உண்டு இல்லேன்னு பண்ணிடுவார்" என்றான். இங்கே ஏன் கோடு இல்லை என்று கேட்டேன். "இது பங்ஷன் சார். பங்ஷன்லே யார் சார் கோடு போடுவாங்க?" என்றான்.

அவன் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, சுமை தூக்கும் சங்கிலி, கயிறு, கருவி ஒவ்வொன்றையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுந்தவரைக் கொண்டு முழுமையாகச் சோதித்தாக வேண்டும் என்றது. ஓடும் கிரேனின் தண்டவாளத்தருகே அடிபடக்கூடிய இடத்தில் ஒருவன் வேலை செய்தால், கிரேன் அவனுக்கு 6 மீட்டருக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. அந்தச் சட்டமும் வேறு பலவும் 2020-இல் இயற்றிய ஒரு புதிய தொகுப்பில் அடங்கி, 2025 நவம்பரில் அது அமலுக்கு வந்திருக்கிறது. இருக்கட்டும். அதே பையன், அதே மாதிரிச் சங்கிலி, அதே ஊர். காலையில் ஆறு மீட்டர். மாலையில் ஆறு அங்குலம் கூட இல்லை. காலையில் அவன் தொழிலாளி, மாலையில் கொண்டாட்டத்தின் ஒரு பகுதி. கொண்டாட்டம் என்ற சொல்லுக்கு, கண்ணை மூடிக்கொள்ள வைக்கிற ஒரு சக்தி இருக்கிறது.

கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்' நாடகக் காட்சிகளின் ஜோடனையைப் பற்றிப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆர். எஸ். மனோகரின் நாடகங்களில் கண்மூடித் திறப்பதற்குள் மாறுகிற காட்சிகளும் தந்திரக் காட்சிகளும் பிரசித்தம். கயிற்றைப் பிடித்துக் கொண்டிருந்தவர்களைப் பற்றி மட்டும் யாரும் சொல்லக் கேட்டதில்லை. மேல்நாட்டு நாடகக் கொட்டகைகளில் விசில் அடிப்பது அபசகுனம் என்பார்கள். பழைய நாளில் மேடைக்கு மேலே கயிறு இழுக்க வந்தவர்கள் கப்பல் மாலுமிகள். விசில்தான் அவர்களுக்கு அடையாளக் குரல். யாராவது சும்மா விசில் அடித்தால் மேலேயிருந்து படுதா இறங்கித் தலையில் விழும் என்று காரணமும் சொல்வார்கள். நம் கூத்திலோ இந்த வம்பே இல்லை. இரண்டு பேர் திரையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேலே இருப்பது ஆகாசம் ஒன்றுதான்.

சினிமாவுக்கு வந்த பிறகு நமக்கும் தலைக்கு மேலே கனம் ஏறிவிட்டது. 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லிக்கு அருகே ஒரு படப்பிடிப்பு வளாகத்தில் 'இந்தியன் 2' படத்துக்காக வேலை நடந்து கொண்டிருந்தபோது, ஒரு பெரிய கிரேன் சாய்ந்து விழுந்து மூன்று பேர் மாண்டார்கள். பிரபலமான முகம் எதுவும் அந்த மூவரில் இல்லை. உதவி இயக்குநர், உதவியாளர் என்று படத்தின் முடிவில் ஓடுகிற சின்ன எழுத்துக்காரர்கள். நடிகர் கமல் ஹாசன் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தார். போலீஸ் விசாரணை நடிகர், இயக்குநர் வரைக்கும் போயிற்று. 2024 ஜனவரியில் ஹைதராபாத் அருகே ஒரு கம்பெனியின் வெள்ளி விழாவில், அதன் தலைவரையே ஒரு கூண்டில் நிறுத்தி மேலேயிருந்து மேடைக்கு இறக்கினார்கள்; தொங்கலின் ஒரு பக்கம் அறுந்து அவர் விழுந்து இறந்து போனார். மேடைச் சங்கிலி பெரிய மனிதர், சின்ன மனிதர் பார்ப்பதில்லை. ஆனால் பெரிய மனிதர் அதன் கீழே நிற்பது வருஷத்தில் ஒரு நாள். சின்ன மனிதர் நிற்பது தினந்தோறும்.

அப்படியானால் அன்று ஓசூரில் குற்றவாளி யார்? நழுவவிட்ட கையா? கீழே ஆளை அனுப்பிய மேஸ்திரியா? ஒரு முழக் கயிற்றால் ஸ்பானரை மணிக்கட்டோடு கட்டிக் கொடுக்காத காண்ட்ராக்டரா? "ஆறு மணி" என்று அழுத்திச் சொன்ன காரியதரிசியா? அவரிடம் சொன்ன நானா? இத்தனை பேருக்கும் பங்கு போட்டால் எனக்கு வருவது ஐந்தில் ஒன்று. அதுவும் கடைசிப் பங்கு. ரயிலில் நான் போட்ட முதல் கணக்கு இதுதான். கொஞ்ச நேரம் அது ஆறுதலாகவும் இருந்தது.

ஆனால் மேஸ்திரி பிற்பகலில் பேச்சுவாக்கில் எனக்கு ஒரு பாடம் சொல்லியிருந்தார். ஒரு சுமையை இரண்டு சங்கிலிக் கால்களால் தூக்கினால், ஆளுக்குப் பாதி கனம் என்று நாம் நினைக்கிறோம். இரண்டும் செங்குத்தாக இருந்தால் அப்படித்தான். கால்களை அகட்ட அகட்ட, ஒவ்வொன்றின் மேலும் இழுப்பு ஏறிக்கொண்டே போகும். தரைமட்டத்துக்கு 30 பாகை சாய்வில் வந்துவிட்டால் ஒவ்வொரு காலும் பாதியை அல்ல, முழுச் சுமையைத் தாங்குகிறது. இன்னும் அகட்டினால் முழுச் சுமைக்கும் மேலே. "புதுசா வர்ற பசங்களுக்கு இதைப் புரிய வைக்கிறதுதான் சார் கஷ்டம். ரெண்டு பேர் பிடிச்சா பாதி பாதின்னே நினைப்பாங்க" என்றார். நானும் புதுசாக வந்த பையனைப் போலத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன் என்று நள்ளிரவில் உறைத்தது. ஸ்பானர் நழுவியது தற்செயல். அது விழுகிற இடத்தில் ஒரு மனிதன் இருந்தது தற்செயல் அல்ல. அவனை அந்த நேரத்தில் அங்கே நிறுத்தியது அவசரம். அந்த அவசரத்தின் ஊற்று என் டெலிபோனில் இருந்தது.

வக்கீல் சிநேகிதர் சிரித்தார். "அப்படிப் பார்த்தால் எல்லாருமே முழுக் குற்றவாளி. யாரையுமே தண்டிக்க முடியாது" என்றார். கோர்ட்டுக்கு அது கஷ்டம்தான். கனடாவில் டொரண்டோ நகரத்தில் 2012 ஜூனில் ஒரு கச்சேரிக்காகப் போட்ட மேடைக்கூரை, ஜனங்கள் வருவதற்குச் சற்று முன்னால் இடிந்து விழுந்து, முரசுக் கருவிகளைப் பராமரிக்கிறவர் ஒருவர் கீழே சிக்கி இறந்தார். வழக்கு இழுத்துக்கொண்டே போய், அளவுக்கு மீறித் தாமதமாகி விட்டது என்ற காரணத்தாலேயே 2017-இல் நிறுத்தப்பட்டது. சட்டத்தின் கணக்கில் அங்கே குற்றவாளி இல்லாமலே போயிற்று. கம்பளம் விரித்தவனுக்கு வலி இருந்தது, எலும்பு முறிந்தது. அதற்கு ஒரு காரணமும் இருந்தே தீர வேண்டும். தண்டிக்கத் தகுந்த ஆள் அகப்படவில்லை என்பதால் காரணம் மறைந்துவிடுமா?

இன்னொரு சம்பவமும் என்னைத் தொந்தரவு செய்கிறது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலப் பொருட்காட்சியில், 2011 ஆகஸ்டு 13-ஆம் தேதி புயல்காற்றில் மேடையின் மேல்கட்டுமானம் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். விளக்கு வேலைக்காக மேலே ஏறியிருந்த தொழிலாளி ஒருவரும் அதில் சேர்த்தி. காற்று வருவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஆனால் "நிகழ்ச்சியை நிறுத்து" என்று சொல்கிற அதிகாரம் யாருடையது என்பதே அங்கே தெளிவாக இல்லை என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். நம் பக்கத்திலும் காற்று உண்டு. ஓசூருக்கு எதிரே, எல்லைக்கு அந்தப் பக்கம், ஹுஸ்கூர் மத்தூரம்மா திருவிழாவுக்கு நூறடிக்கு மேல் உயரமாகத் தேர் கட்டி இழுத்து வருவார்கள். 2025 மார்ச்சில் மழைக்காற்றில் தேர் சாய்ந்து இருவர் உயிர் போயிற்று. இழுத்துக்கொண்டிருக்கிற ஒரு பக்தன், "காற்று பலமாக இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால் யார் கேட்பார்கள்? ஆறு மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய விழாவில் ஒடிசாப் பையன் சொன்னால் யார் கேட்பார்கள்? எந்தப் பாஷையில் சொல்வான்?

கிரேன் வேலைக்காரர்களிடம் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ராயக்கோட்டைப் பையன்தான் சொன்னான். தூக்கு, இறக்கு, நகர்த்து என்று சைகை காட்ட ஒரே ஒருவனுக்குத்தான் உரிமை. அவன் சொல்வதைத் தவிர வேறு யார் சைகையையும் ஓட்டுகிறவர் பார்க்கக்கூடாது. "நிறுத்து" என்ற சைகைக்கு மட்டும் இந்த விதி கிடையாது. அதை யார் காட்டினாலும், கூட்டிப் பெருக்குகிறவர் காட்டினாலும், அப்படியே நிறுத்திவிட வேண்டும். ஏன் நிறுத்தச் சொன்னான் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். எத்தனையோ அறநூல்களைப் புரட்டியிருக்கிறேன். அதிகாரத்தையும் பாதுகாப்பையும் இவ்வளவு சுருக்கமாகப் பிரித்து வைத்த இடம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. நடத்துகிற உரிமை ஒருவனுக்கு. நிறுத்துகிற உரிமை எல்லாருக்கும். அந்தக் கையசைப்புக்கு பாஷையும் தேவையில்லை.

அன்று மைதானத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடியவர்களில், சொன்னால் மறுபேச்சில்லாமல் எல்லாரும் கேட்டிருக்கக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுக் கொண்டிருந்தார். மேலே ஆள் இருப்பதும் கீழே ஆள் இருப்பதும் அவர் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. "விழா ஏழு மணிக்கு நடக்கட்டும், எனக்கு அவசரமில்லை" என்று ஒரு வார்த்தை போதும். மறுநாள் காலையில் எத்தனையோ ரயில்கள் இருந்தன.

ஊருக்கு வந்த பிறகு காரியதரிசிக்குக் கடிதம் எழுதி, பையன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தேன். கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள், ஒரு மாதத்துக்குக் கை அசைக்கக்கூடாது, காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார் என்று பதில் வந்தது. அந்த ஒரு மாதச் சம்பளத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. நான் ஒரு தொகையை அனுப்பி வைத்தேன். அது அந்தப் பையன் கைக்குப் போய்ச் சேருவதற்குள் அவன் ரயில் ஏறி ஊருக்குப் போய்விட்டானாம். பணம் மேஸ்திரியிடம் இருக்கிறது. அடுத்த ஆண்டு விழாவுக்கும் நானே வர வேண்டும் என்று காரியதரிசி கேட்டிருக்கிறார். வருகிறேன், மேடை வேலை முடிந்துவிட்டது என்று மேஸ்திரி சொல்கிற நேரத்தில் ஆரம்பிக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். அழைப்பிதழில் நேரம் போடாமல் எப்படி அச்சடிப்பது என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.